லைசென்ஸை யாரிடம் வாங்குவது? மைக்ரோசாஃப்ட் 365 முதல் சிஸ்கோ வரை, நேரடி வழியும் பார்ட்னர் வழியும்

பிசினஸ் சாஃப்ட்வேர் விற்கும் பெரிய கம்பெனிகள் அநேகமாக எல்லாமே இரண்டு வாசல் வைத்திருக்கின்றன. ஒன்றில் நீங்களே இணையதளத்தில் கார்டைப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்றில் ரீசெல்லர், பார்ட்னர், இன்டகிரேட்டர் என்று ஏதோ ஒரு பெயரில் இடையில் ஒருவர் நிற்பார். எந்த வாசலில் போனாலும் கைக்கு வரும் மென்பொருள் ஒன்றேதான். மாறுவதெல்லாம் மற்றவை: சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, அட்மின் சாவி யாரிடம் இருக்கும், பாதியில் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, பிடிக்காவிட்டால் எப்படி வெளியே வருவது. எல்லோரும் முதலில் கேட்பது விலையைத்தான். ஆனால் விலை வித்தியாசத்தைவிட இந்த நான்கும்தான் பின்னால் அதிகம் செலவு வைக்கும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டி.என்.எஸ். ரெக்கார்டை (டொமைனின் மெயிலும் இணையதளமும் எந்த சர்வரில் என்று சொல்லும் பதிவு) தானே மாற்றத் தெரிந்த ஒருவர் இருக்கும் சின்ன அலுவலகத்துக்கு, மெயிலும் ஆபீஸ் மென்பொருளும் சேர்ந்து வரும் மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ் இரண்டையும் நேரடியாக வாங்குவதே நல்லது. பழைய மெயில் சர்வரிலிருந்து மாறும் வேலை, லேப்டாப்களை மொத்தமாக மேலாண்மை செய்யும் வேலை இருந்தால் பார்ட்னர் வேண்டும். ஆனால் சாவியைக் கொடுக்காமல். கிளவுட் சர்வர்களுக்கு நேரடிக் கணக்கே பாதுகாப்பு. நெட்வொர்க் சாதனங்களுக்குப் பெரும்பாலும் பார்ட்னரைத் தவிர வேறு வாசல் கிடையாது. அங்கே கேள்வி எந்தப் பார்ட்னர், யார் பெயரில் பதிவு என்பதுதான்.

மைக்ரோசாஃப்ட் 365: நிபந்தனைகள் எங்கே கடிக்கும்

பார்ட்னர் வழியாக விற்கும் திட்டத்துக்கு சி.எஸ்.பி. (கிளவுட் சொல்யூஷன் புரொவைடர்) என்று பெயர், 2014-ல் தொடங்கியது. இதில் இரண்டு வகைப் பார்ட்னர்கள். மைக்ரோசாஃப்டிடம் நேராகக் கணக்கு வைத்து பில் போடுபவர் டைரக்ட் பில். இன்கிராம் மைக்ரோ, டி.டி. சினெக்ஸ் போன்ற டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவரிடம் வாங்கி விற்பவர் இன்டைரக்ட் ரீசெல்லர். சின்னப் பார்ட்னர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது வெட்டி ஆராய்ச்சி இல்லை. சப்போர்ட் டிக்கெட் எத்தனை கை மாறும் என்பது இதில்தான் இருக்கிறது. நேரடியாக வாங்கியவர் அட்மின் சென்டரிலிருந்தே மைக்ரோசாஃப்டுக்கு டிக்கெட் போடலாம். சி.எஸ்.பி. வழியில் முதல் பொறுப்பு பார்ட்னருடையது. அவர் இன்டைரக்ட் என்றால் அவருக்குப் பின்னால் டிஸ்ட்ரிபியூட்டரின் சப்போர்ட் டெஸ்க், அதற்குப் பின்னால்தான் மைக்ரோசாஃப்ட். கெட்டிக்காரப் பார்ட்னர் என்றால் பத்தில் எட்டுப் பிரச்சினையை முதல் படியிலேயே முடித்துவிடுவார், மேலே போகவே தேவையிருக்காது. அப்படி இல்லாதவர் வெறும் தபால்காரர். உங்கள் மெயிலை மேலே அனுப்புவார், மேலே இருந்து வருவதைக் கீழே அனுப்புவார்.

2022 முதல் வந்த புது வணிக நிபந்தனைகளில் காலம் மூன்று வகை: மாதம், ஒரு வருடம், சில தயாரிப்புகளுக்கு மூன்று வருடம். மாதக் கணக்கில் எடுத்தால் வருட விலையைவிடச் சுமார் 20% அதிகம். வருட ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் கட்டுபவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 5% கூடுதல். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சீட்டின் (ஒரு பயனருக்கான லைசென்ஸின்) வருட விலையை மாதத்துக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பணமும் முன்னதாகக் கட்டினால் 1200. மாதக் கட்டணத்தில் வருட ஒப்பந்தம் 1260. மாத ஒப்பந்தம் மாதத்துக்கு 120. பத்து மாதத்தில் 1200 வந்துவிடுகிறது. ஆகவே பத்து மாதத்துக்குக் குறைவாகத் தேவைப்படும் சீட்டுக்கு மாத ஒப்பந்தம் லாபம். அதற்கு மேல் போனால் வருடம். நிரந்தர ஊழியர்களுக்கு வருடம், தற்காலிக ஆட்களுக்கு மாதம் என்று ஒரே டெனன்ட்டில் (மைக்ரோசாஃப்டில் உங்கள் கம்பெனிக்கென்று இருக்கும் தனி இடம்) இரண்டையும் கலந்து வைத்துக்கொள்ளத் தடையில்லை. பல பார்ட்னர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை. ஒரே இன்வாய்ஸ், ஒரே தேதி என்றால் அவர்களுக்கு வேலை குறைவு.

கடிக்கும் இடம் இது: வருட ஒப்பந்தத்தில் சீட்டைக் கூட்டுவது எப்போது வேண்டுமானாலும் முடியும். குறைப்பதும் ரத்து செய்வதும் தொடங்கிய முதல் 7 நாளுக்குள் மட்டும். அதற்குப் பிறகு ரினியூவல் வரை கட்டியே ஆகவேண்டும். நேரடியாக வாங்கினாலும் இதே 7 நாள்தான், ஆனால் பொத்தான் உங்கள் கையில் இருக்கிறது. சி.எஸ்.பி.யில் அந்தப் பொத்தான் பார்ட்னரின் திரையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை நீங்கள் அனுப்பும் ‘ஐந்து சீட்டைக் குறையுங்கள்’ என்ற மெயிலை அவர் செவ்வாய்க்கிழமை பார்த்தால் கெடு தாண்டியிருக்கும். தானாகப் புதுப்பிக்கும் அமைப்பும் அவர் பக்கத்தில்தான். எனவே ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம்: ரினியூவலுக்கு 30 நாள் முன் எழுத்தில் அறிவிப்பு வரவேண்டும், நீங்கள் எழுத்தில் கேட்ட மாற்றத்தை ஒரு வேலை நாளுக்குள் செய்யாவிட்டால் அந்தச் செலவு பார்ட்னருடையது. இரண்டாவது வரிக்கு ஒத்துக்கொள்ளாத பார்ட்னர் தன் டெஸ்க் எப்படி ஓடுகிறது என்பதை அங்கேயே காட்டிக்கொடுத்துவிடுகிறார்.

இன்னொன்று, பிசினஸ் பேசிக், ஸ்டாண்டர்ட், பிரீமியம் திட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் 300 பேர் வரைதான் வரம்பு. இதை மறந்துவிட்டு 280 பேருக்கு மூன்று வருட ஒப்பந்தம் போடச் சொல்லும் பார்ட்னரைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

விலையைப் பொறுத்தவரை பட்டியல் விலையை மைக்ரோசாஃப்ட் நிர்ணயிக்கிறது. பார்ட்னர் உங்களிடம் என்ன வாங்கவேண்டும் என்பதை அவரே முடிவு செய்யலாம். பட்டியலுக்கு மேலும் விற்கலாம், கீழும் விற்கலாம். லைசென்ஸில் அவருக்கு நிற்கும் லாபம் மெலிசானது. ‘10% தள்ளுபடி’ என்று ஒருவர் வந்தால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். அநேகமாக சப்போர்ட் ஆட்களைக் குறைத்துத்தான் வரும். இல்லையென்றால் அடுத்த வருட ரினியூவலில் திரும்பி வரும்.

பார்ட்னர் தேவையா என்று பார்க்க ஒரு சோதனை

உங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவரிடம் இந்த வரிசையைக் கொடுத்துப் பாருங்கள். டொமைனை உறுதிப்படுத்த டி.எக்ஸ்.டி. ரெக்கார்ட் போடவேண்டும். பயனர்களை உருவாக்கி லைசென்ஸ் ஒதுக்கவேண்டும். பழைய மெயிலை நகலெடுக்க ஆரம்பிக்கவேண்டும். மாற்றும் நாளுக்கு முன்பே, மெயில் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். ரெக்கார்டின் டி.டி.எல். அளவைக் குறைக்கவேண்டும். எம்.எக்ஸ்.ஐ மாற்றிய பிறகு விடுபட்ட மெயில்களுக்கு இன்னொரு தடவை சிங்க் ஓட்டவேண்டும். ஆட்டோடிஸ்கவரையும், மெயில் நிஜமாகவே உங்கள் டொமைனிலிருந்து வந்ததுதான் என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றையும் சரிபார்க்கவேண்டும்.

இதில் தவறுவது எப்போதும் ஒரே இடங்களில்தான். பழைய எஸ்.பி.எஃப். ரெக்கார்டை நீக்காமல் புதிதாக இன்னொன்றைச் சேர்ப்பார்கள். ஒரு டொமைனுக்கு எஸ்.பி.எஃப். ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் சோதனையே தோற்றுவிடும். அல்லது செய்திமடல் கருவி, பில்லிங் கருவி, வாடிக்கையாளர் விவரம் வைக்கும் சி.ஆர்.எம். என்று எல்லாவற்றையும் ஒரே ரெக்கார்டில் அடுக்கி 10 டி.என்.எஸ். லுக்கப் (தேடல்) வரம்பைத் தாண்டிவிடுவார்கள். டி.கே.ஐ.எம்.முக்கு இரண்டு சிநேம் ரெக்கார்ட் போட்டுவிட்டு, சொந்த டொமைனுக்கு அதை ஆன் செய்ய மறந்துவிடுவார்கள். மெயில் போய்க்கொண்டிருக்கும், எதிரில் இருப்பவரின் ஸ்பேம் பெட்டிக்கு. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புபவர்களிடம் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றையும் கட்டாயமாகக் கேட்கின்றன. நாளுக்கு 5000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்கள் கூகுளின் கணக்கில் இந்த வகை.

வரிசையைப் படித்ததும் உங்கள் ஆள் தலையாட்டினால் நேரடி வழி போதும். ‘டி.டி.எல். என்றால்?’ என்று கேட்டால் பார்ட்னருக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. ஆனால் அதை லைசென்ஸ் விலையில் ஒளிக்காமல், மாற்றும் வேலைக்கென்று தனி வேலை ஒப்பந்தமாகப் போடுவது நல்லது. வேலை முடிந்தது என்பதற்கு அடையாளமாக வெளியிலிருக்கும் ஒரு ஜிமெயில் கணக்குக்கு மெயில் அனுப்பி, அதன் ஹெட்டரில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் பாஸ் என்று காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

குடுமி யார் கையில்

பார்ட்னர் வழியின் பெரிய பலவீனம் இங்கேதான். பழைய முறையில் பார்ட்னர் அனுப்பும் ஒரு லிங்கை ஏற்றுக்கொண்டால் அவருடைய ஊழியர்களுக்கு உங்கள் டெனன்ட்டில் குளோபல் அட்மின் (எல்லாவற்றையும் மாற்றக்கூடிய உச்ச அட்மின்) அளவுக்கு அதிகாரம் போய்விடும், காலவரையறையே இல்லாமல். இது எவ்வளவு ஆபத்து என்பதை மைக்ரோசாஃப்டே 2021 அக்டோபரில் வெளிப்படையாகச் சொன்னது. நோபீலியம் என்ற தாக்குதல் குழு ரீசெல்லர்களையும் சர்வீஸ் கம்பெனிகளையும் குறிவைத்தது. அந்த ஆண்டு மே முதல் 140-க்கு மேற்பட்டவர்களை எச்சரித்ததாகவும், அவர்களில் 14 வரை ஊடுருவப்பட்டிருக்கலாம் என்றும் அந்த அறிவிப்பில் இருந்தது. வாடிக்கையாளரை உடைப்பதைவிட அவருடைய பார்ட்னரை உடைத்தால் நூறு வாடிக்கையாளர்கள் ஒரே வீச்சில் கிடைப்பார்கள்.

அதற்குப் பிறகு வந்த முறை ஜி.டேப் (GDAP), அதாவது பார்ட்னருக்கு அட்மின் அதிகாரத்தைப் பகுதி பகுதியாகக் கொடுக்கும் முறை. இதில் பார்ட்னர் எந்தெந்த ரோல் வேண்டும், எத்தனை நாளுக்கு என்று கேட்கவேண்டும். உச்சவரம்பு 730 நாள். நீட்டிப்பைத் தானாக நடக்கும்படி வைக்கலாம், ஆனால் குளோபல் அட்மின் ரோல் அதில் இருந்தால் தானியங்கி நீட்டிப்பு கிடையாது. நல்ல வடிவமைப்பு. குறை என்னவென்றால் பல பார்ட்னர்கள் பழக்கதோஷத்தில் குளோபல் அட்மினையே கேட்கிறார்கள், வாங்குபவரும் படிக்காமல் ஒத்துக்கொள்கிறார்.

பலருக்குத் தெரியாத விஷயம்: லைசென்ஸ் வாங்குவதற்குப் பார்ட்னருக்கு எந்த அட்மின் அதிகாரமும் தேவையில்லை. ரீசெல்லர் உறவுக்கான லிங்க் வேறு, ஜி.டேப் லிங்க் வேறு. முதலாவதை மட்டும் ஏற்றுக்கொண்டாலே அவர் உங்களுக்கு விற்கலாம். சப்போர்ட்டும் அவர்தான் என்றால் சர்வீஸ் சப்போர்ட் அட்மினிஸ்ட்ரேட்டர், லைசென்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர், குளோபல் ரீடர் இவற்றில் தேவையானதைக் கொடுத்தால் அன்றாட வேலை ஓடும். இப்போது என்ன கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்க அட்மின் சென்டரில் செட்டிங்ஸ் பகுதிக்குள் பார்ட்னர் உறவுகள் என்ற பக்கத்தைத் திறங்கள். மூன்று வருடம் முன் விட்டுப்போன பார்ட்னரின் பெயர் அங்கே உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஜி.டேப்பை நீக்கினால் சந்தா ரத்தாகாது, மெயில் நிற்காது, பயமில்லாமல் நீக்கலாம்.

குளோபல் அட்மின் பட்டியலையும் அதே கையோடு பாருங்கள். உங்கள் கம்பெனியைச் சேர்ந்தவர் ஒருவராவது அதில் இருக்கவேண்டும். அது போக மைக்ரோசாஃப்ட் தரும் ஆன்மைக்ரோசாஃப்ட் டொமைனில் இரண்டு அவசரக் கணக்குகள் உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹார்ட்வேர் செக்யூரிட்டி கீ பதிந்து பூட்டி வைக்கவேண்டும். அட்மின் பக்கங்களுக்கு எம்.எஃப்.ஏ. (பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனை) கட்டாயமாகிவிட்டதால் வெறும் பாஸ்வேர்டை உறையில் போட்டு வைக்கும் பழைய வழக்கம் இனி உதவாது. டொமைன் ரிஜிஸ்ட்ரார் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். பார்ட்னர் ‘நாங்களே டொமைனையும் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லித் தன் கணக்கில் பதிந்திருந்தால், சண்டை வரும் நாளில் உங்களிடம் எதுவும் இல்லை. டெனன்ட்டைத் திரும்பப் பெற மைக்ரோசாஃப்டிடம் உரிமையை நிரூபிக்கவும் டி.என்.எஸ். உங்கள் கையில் இருக்கவேண்டும்.

மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஜூரில் இதே கதைக்கு ஒரு கிளைக்கதை உண்டு. பார்ட்னர் உங்கள் அஜூர் வளங்களை நிர்வகிக்கிறார் என்றால் அவருக்குப் பயன்பாட்டுத் தொகையில் 15% வரவு கிடைக்கும். அதற்கு அந்தச் சந்தாவில் அவருக்குத் தகுதியான ஒரு ரோல் இருக்கவேண்டும். வெறும் ரீடர் போதாது. ‘ஓனர் அனுமதியை எடுக்காதீர்கள்’ என்று பார்ட்னர் கெஞ்சுவதன் காரணம் பல நேரம் இதுதான். அவர் வயிற்றில் அடிக்காமலே சாவியை வாங்கிவிடலாம். சப்போர்ட் ரிக்வெஸ்ட் கான்ட்ரிபியூட்டர் என்ற மிகச் சின்ன ரோலும் அந்த வரவுக்குத் தகுதியானதே. அதை வைத்து டிக்கெட் போடலாம், உங்கள் சர்வரைத் தொட முடியாது.

பார்ட்னரை மாற்றுவது

இதில் கூகுளுக்கு முழு மதிப்பெண். வொர்க்ஸ்பேஸ் அட்மின் தானே ஒரு டிரான்ஸ்ஃபர் டோக்கன் எடுத்துப் புது ரீசெல்லரிடம் கொடுத்தால் போதும். அவர் அதை வைத்து சந்தாவை இழுத்துக்கொள்வார். பழையவரின் தயவு தேவையில்லை. மைக்ரோசாஃப்டில் புதுப் பார்ட்னர் கோரிக்கை அனுப்ப, பழைய பார்ட்னர் ஏற்கவேண்டும். விட்டுப்போகும் வாடிக்கையாளருக்காக அவர் அவசரப்படுவார் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே ‘எழுத்தில் கேட்ட 5 வேலை நாளுக்குள் டிரான்ஸ்ஃபர் கோரிக்கையை ஏற்பார்’ என்ற வரியை உள்ளே நுழையும்போதே போட்டுவிடவேண்டும். வெளியே வரும்போது கேட்டால் கிடைக்காது.

அவர் இழுத்தடித்தால் ஒரே வழி ரினியூவல் தேதிவரை காத்திருப்பது. தரவு டெனன்ட்டில் இருக்கிறது, சந்தாவில் இல்லை. ஆகவே புதுப் பார்ட்னர் வழியாக அதே டெனன்ட்டில் புதுச் சந்தா வாங்கிக்கொள்ளலாம். வரிசை மட்டும் மாறக்கூடாது: முதலில் புது லைசென்ஸ் டெனன்ட்டில் வந்து சேரவேண்டும், எண்ணிக்கை சரியா என்று பார்க்கவேண்டும், எல்லோருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும், பிறகுதான் பழையது முடியவேண்டும். லைசென்ஸ் நீக்கப்பட்ட மெயில்பாக்ஸை 30 நாள் வைத்திருப்பார்கள். அதை நம்பி இடைவெளி விடுவது விளையாட்டு இல்லை. அந்த நாட்களில் மெயில் வராது.

ஏ.டபிள்யூ.எஸ்.: தள்ளுபடியின் மறுபக்கம்

அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். பில்லில் சில சதவீதம் குறைத்துத் தருவதாக ரீசெல்லர்கள் சொல்வார்கள். அதற்கு உங்கள் கணக்கைத் தங்கள் ஆர்கனைசேஷனுக்குள் (பல கணக்குகளை ஒரே மேலாண்மைக் கணக்கின் கீழ் வைக்கும் அமைப்பு) சேர்க்கச் சொல்வார்கள். சேர்ந்துவிட்டால் பில் அவர்கள் மேலாண்மைக் கணக்கில் வரும், எந்தச் சேவையைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் பாலிசிகளும் அவர்கள் கையில். பல ரீசெல்லர்கள், பயன்பாட்டை முன்கூட்டியே உறுதி செய்வதால் விலை குறையும் சேவிங்ஸ் பிளான்களை மொத்தமாக வாங்கிப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத்தான் அந்தத் தள்ளுபடியைக் கொடுத்துவந்தார்கள். 2025 ஜூன் 1 முதல் ஒரு வாடிக்கையாளருக்கென்று வாங்கியதை அவருக்கே பயன்படுத்தவேண்டும் என்று ஏ.டபிள்யூ.எஸ். கட்டுப்படுத்திவிட்டது. அதே பழைய தள்ளுபடியை இன்றும் ஒருவர் சொன்னால் எப்படி என்று கேளுங்கள்.

வெளியே வரும்போது தெரியவரும் விஷயங்கள் இரண்டு. ரீசெல்லரின் மேலாண்மைக் கணக்கில் வாங்கிய ரிசர்வ்ட் இன்ஸ்டன்ஸ் (இதுவும் முன் உறுதிக்குக் கிடைக்கும் தள்ளுபடி), சேவிங்ஸ் பிளான் எதுவும் உங்களோடு வராது. மறுநாளிலிருந்து முழு விலை. அந்த ஆர்கனைசேஷனில் இருந்த காலத்துச் செலவு விவரங்களை காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கும் உரிமையும் போய்விடும். அவை அழிவதில்லை, ஆனால் பழைய மேலாண்மைக் கணக்குதான் பார்க்க முடியும். ஆகவே கிளம்புமுன் மாதவாரி அறிக்கையைப் பதிவிறக்கிவிடுங்கள். தனிக் கணக்காக வெளியேற சொந்தப் பணம்செலுத்தும் முறை பதிந்திருக்கவேண்டும். ரூட் மெயில் முகவரி (கணக்கின் முழு அதிகாரமும் உள்ள லாகின்) உங்கள் டொமைனில் இருக்கவேண்டும். அது ரீசெல்லரின் மெயிலாக இருந்தால் கணக்கே உங்களுடையது இல்லை என்றுதான் பொருள். இந்த ஒரு காரணத்துக்காகவே சர்வர்களுக்கு நேரடிக் கணக்கைப் பரிந்துரைக்கிறோம்; நிபுணர் உதவி தேவையென்றால் மணிக்கணக்கில் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

சாதனங்கள்: மூன்று கோட் (கொட்டேஷன்) வாங்கும் தந்திரம் ஏன் பலிப்பதில்லை

டெல் 1984-ல் தொடங்கி நேரடி விற்பனையையே அடையாளமாக வைத்திருந்த கம்பெனி. 2007 டிசம்பரில் பார்ட்னர்டைரக்ட் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2023-ல் ஸ்டோரேஜ் விற்பனைக்குப் பார்ட்னருக்கே முதலிடம் என்று அறிவித்தது. சர்வரையும் ஸ்விட்சையும் தூக்கி வைத்து ரேக்கில் மாட்ட ஆள் வேண்டும் என்பதால் இந்தத் துறையில் பார்ட்னர் தவிர்க்க முடியாதவர்.

வாங்குபவர்கள் இங்கே செய்யும் வழக்கமான தவறு, ஒரே சாதனப் பட்டியலை மூன்று பார்ட்னர்களுக்கு ஒரே நாளில் அனுப்புவது. டீல் ரெஜிஸ்ட்ரேஷன் என்று ஒரு முறை இருக்கிறது. உங்கள் பெயரையும் தேவையையும் முதலில் உற்பத்தியாளரிடம் பதிவு செய்பவருக்கு மற்றவர்களைவிடக் குறைந்த கொள்முதல் விலை, குறிப்பிட்ட காலத்துக்கு. மற்ற இருவரும் எவ்வளவு முயன்றாலும் அந்த விலைக்கு வர முடியாது. ஆக உங்களுக்கு வரும் மூன்று கோட்டில் ஒன்றுதான் நிஜம், மற்றவை துணைக்கு. யார் திறமைசாலி என்பது போய், யார் மெயிலை முதலில் திறந்தார் என்பதாகிவிடும். முதலில் பார்ட்னரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதன் பிறகு மாடல் எண்களைக் கொடுங்கள். ஏற்கெனவே தவறானவர் பதிந்துவிட்டார் என்றால் உற்பத்தியாளரின் அக்கவுன்ட் மேனேஜருக்கு நீங்கள் எழுத்தில் கொடுக்கும் கடிதத்தால் மாற்ற வாய்ப்பு உண்டு. பார்ட்னர் இதை நினைவூட்டமாட்டார்.

சிஸ்கோவில் லைசென்ஸ்கள் ஸ்மார்ட் அக்கவுன்ட் என்ற ஆன்லைன் கணக்கில் விழும். ஆர்டர் போடும்போது உங்கள் கம்பெனியின் ஸ்மார்ட் அக்கவுன்ட்டைக் குறிப்பிடாவிட்டால் அவை பார்ட்னரின் ஹோல்டிங் அக்கவுன்ட்டிலேயே தங்கிவிடும். பணம் கட்டியவர் நீங்கள், உங்கள் திரையில் ஒன்றும் தெரியாது. சப்போர்ட் கான்ட்ராக்ட் எண்ணை உங்கள் சிஸ்கோ லாகினோடு இணைத்தால்தான் நீங்களே டாக் (சிஸ்கோவின் தொழில்நுட்ப உதவி மையம்) கேஸ் திறக்க முடியும். நள்ளிரவில் கோர் ஸ்விட்ச் விழும்போது பார்ட்னரின் ஆள் போனை எடுக்கவேண்டும் என்று காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று சொல்லவேண்டியதில்லை. ஃபயர்வால் விற்கும் ஃபோர்ட்டிநெட்டின் சாதனங்களும் ஏதாவது ஒரு கணக்கில் பதியப்படும். பார்ட்னர் தன் கணக்கில் பதிந்துவிட்டால் மாற்றித் தர டிக்கெட் போட்டு அலையவேண்டும். டெலிவரி எடுக்கும் நாளில் சீரியல் எண் ஒவ்வொன்றும் உங்கள் கணக்கில் தெரிகிறதா, சப்போர்ட் முடியும் தேதி கோட்டில் சொன்ன தேதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே கடைசித் தவணையை விடுங்கள்.

விற்பவர் பக்கக் கணக்கு

பார்ட்னரின் வருமானம் எதில் என்று தெரிந்தால் அவருடைய ஆலோசனையை எப்படி எடைபோடுவது என்றும் தெரியும். சி.ஆர்.எம்., மார்க்கெட்டிங் சாஃப்ட்வேர் விற்கும் ஹப்ஸ்பாட் தன் சொல்யூஷன்ஸ் பார்ட்னர்களுக்கு 20% பங்கு கொடுக்கிறது. பில் பொதுவாக ஹப்ஸ்பாட்டிடமிருந்தே வரும். இதில் வாங்குபவருக்கு ஒரு நல்ல அம்சம் உண்டு. புரொஃபெஷனல், எண்டர்பிரைஸ் திட்டங்களுக்கு ஹப்ஸ்பாட் கட்டாயமாக வாங்கும் ஆன்போர்டிங் (தொடக்க அமைப்பு வேலை) கட்டணத்தை, பார்ட்னர் அந்த வேலையைச் செய்தால் ஹப்ஸ்பாட்டுக்குக் கட்டவேண்டியதில்லை. அதே பணத்துக்கு உங்கள் தரவை வைத்து வேலை செய்யும் ஆள் கிடைக்கிறார். ஆனால் பங்கு சதவீதக் கணக்கில் வருவதால், உங்களுக்கு ஸ்டார்ட்டர் போதும் என்று சொல்ல அவருக்குக் காரணமில்லை.

கிளவுட் மார்க்கெட்பிளேஸ் (கிளவுட் கம்பெனியின் தளத்திலேயே மற்றவர்களின் சாஃப்ட்வேரை வாங்கும் இடம்) என்ற மூன்றாவது வாசலும் வளர்ந்துவிட்டது. மைக்ரோசாஃப்டும் கூகுளும் 2021-ல் அங்கே விற்பவர்களிடம் வாங்கும் கட்டணத்தை 20%-லிருந்து 3% ஆகக் குறைத்தன. ஏ.டபிள்யூ.எஸ். 2024 ஜனவரியில் பிரைவேட் ஆஃபர்களுக்கு (தனியாகப் பேசி முடிக்கும் விலைகளுக்கு) 10 லட்சம் டாலருக்குக் கீழ் 3%, ஒரு கோடி டாலர் வரை 2%, அதற்கு மேல் 1.5% என்று படியாக்கியது. கிளவுட் கம்பெனியோடு ஏற்கெனவே வருடச் செலவு உறுதி கொடுத்திருப்பவர்களுக்கு, அங்கே வாங்கும் சாஃப்ட்வேரும் அந்த உறுதியில் கழியும், கம்பெனிக்குக் கம்பெனி வரம்பு மாறினாலும். அப்படி உறுதி எதுவும் இல்லாதவருக்கு மார்க்கெட்பிளேஸில் பெரிய லாபமில்லை, ஒரே பில் என்ற வசதியைத் தவிர.

பார்ட்னர் வழி நிரந்தரம் என்று யாரும் நினைக்கவேண்டாம். சிப் கம்பெனியான பிராட்காம் 2023 நவம்பரில், ஒரே சர்வரைப் பல விர்ச்சுவல் சர்வர்களாக ஓட்டும் சாஃப்ட்வேர் விற்கும் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றது. 2024 தொடக்கத்தில் பழைய பார்ட்னர் திட்டம் முடிந்து, அழைப்பு வந்தவர்கள் மட்டும் தொடர முடிந்தது. பெரிய வாடிக்கையாளர்களை பிராட்காம் நேரடியாக எடுத்துக்கொண்டது. வருடக்கணக்கில் ஒரே பார்ட்னரிடம் ரினியூ செய்துவந்த நடுத்தரக் கம்பெனிகள் விலையைக் கேட்கக்கூட ஆள் தேடவேண்டியிருந்தது. லைசென்ஸ் சாவிகள், கான்ட்ராக்ட் எண்கள், வாங்கியதற்கான அத்தாட்சி எல்லாம் பார்ட்னரின் மெயில்பெட்டியில் மட்டும் இருந்தவர்களுக்கு இரட்டைக் கஷ்டம். அவற்றின் நகலை இன்றே கேட்டு வாங்கி வைப்பதற்குப் பணம் ஆகாது.

நேரடியாகப் பேரம் பேசுபவர்களுக்குக் காலண்டர் உதவும். சேல்ஸ்ஃபோர்ஸின் நிதியாண்டு ஜனவரி 31-ல் முடிகிறது, ஆரக்கிளுக்கு மே 31, மைக்ரோசாஃப்டுக்கு ஜூன் 30. கடைசி வாரங்களில் விற்பனையாளரின் கை இளகும். ஆனால் முதல் வருடத் தள்ளுபடியைவிட ரினியூவலில் எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரியை வாங்குவதில் அந்த அவசரத்தைப் பயன்படுத்துங்கள். பார்ட்னர் வழியில் அந்த வரியைக் கேட்டால், விலை உற்பத்தியாளர் கையில் என்பார், அது உண்மைதான். அவர் தன் பங்கில் உறுதி தரக்கூடியது தன் மார்ஜினும் சர்வீஸ் கட்டணமும் மட்டுமே, அவற்றையாவது எழுத்தில் வாங்குங்கள்.

ரினியூவலுக்கு 90 நாள் இருக்கும்போதே இரண்டு வாசலிலும் கோட் கேட்டுவிடுங்கள். இரண்டிலும் தயாரிப்பின் எஸ்.கே.யு. எண், ஒப்பந்த காலம், பில்லிங் முறை மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டும். முன்னதாகக் கட்டும் வருட விலையையும் மாதாமாதம் கட்டும் வருட விலையையும் பக்கத்தில் வைத்து, பார்ட்னர் 5% மலிவு என்று ஏமாறுபவர்கள் நிறைய.